மாடிப்படிக்குக் கீழே பிறந்த வம்சம்

அன்புள்ள அண்ணன் மகனுக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். இங்கே நானும் உன் சித்தியும் எங்கள் வயதுக்குத் தக்க நலத்தோடு இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் சில காலமாகத் தனியாக முடிவெடுத்து வருகிறது. அங்கே நீயும், உன் மனைவியும், மூன்று வாரமாக உன்னோடு பேசாமல் இருக்கும் உன் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நீ அனுப்பிய பார்சல் புதன்கிழமை பிற்பகல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நம் குடும்பப் பெயரின் தோற்றமும் பரவலும் குறித்து நீ எழுதி, நீயே தலைவராக இருக்கும் உலகக் குடும்பச் சங்கம் வெளியிட்ட நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன். கூடவே வந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தோம். எட்டு நாடுகளில் சிவப்புப் புள்ளிகள், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். "உலகத்துக்கே அம்மை போட்டிருக்கு" என்றாள் உன் சித்தி. குலமுதல்வர் என்று அடியில் எழுதிய படத்தையும் பார்த்தோம். கையில் வாள், தோளில் பட்டு, முகத்தில் மீசை. மீசைக்குப் பின்னால் நீ. ஓவியரிடம் உன் போட்டோவைக் கொடுத்தாய் என்று நினைக்கிறேன். அதை நான் குறை சொல்லவில்லை. நூறு தலைமுறைக்கு முன்னால் போனவர் வந்து உட்கார்ந்து போஸ் கொடுக்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கடிதம் இருந்தது. அது நான் உனக்கு எழுதியது. அதாவது, நான் எழுதியதாக நீ எழுதியது. இந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவன் என்ற முறையில் நான் உறுதி கூறுவதாவது: நாம் அந்த வாள்காரரின் நேர் வம்சம், இந்தப் பெயரைத் தாங்கிய எல்லோரும் ஒரே ரத்தம், ஆகவே உன் மகளும் அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பல் மருத்துவரும் ஒரே குடும்பப் பெயர் உடையவர்களாதலால் அண்ணன் தங்கை முறை, சங்க விதி நான்கின்படி அந்தத் திருமணம் கூடாது. அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, இங்கே கையெழுத்து என்று காட்டியிருந்தாய். நிரப்பிய தாளை நீட்டி, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று சொல்லி முப்பத்தைந்து வருடம் சோறு தின்றவன் நான். அதை என்னிடமே காட்டுகிறாய்.

கையெழுத்துப் போடமாட்டேன். இது முதல் செய்தி. கடிதத்தை இதோடு நிறுத்தினால் உனக்கும் சௌகரியம், எனக்கும் தபால் எடை குறையும். ஆனால் வருகிற பதினெட்டாம் தேதி மாநாட்டில் அந்தக் கடிதத்தை வாசித்து, தீர்மானம் போட்டு, உன் மகள் வாயாலேயே 'சரி, வேண்டாம்' என்று மேடையில் சொல்ல வைக்கப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சொன்னவள் அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்ணாடிக் கடையில் ஆட்களுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்த இடைவேளையில் கூப்பிட்டாள்.

"சின்னத் தாத்தா, நிஜமா சொல்லுங்க. நானும் அவனும் அண்ணன் தங்கச்சியா?"

"யாரும்மா சொன்னா?"

"மேப் சொல்லுதாம். அப்பா புள்ளியெல்லாம் கோடு போட்டுச் சேர்த்துட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அழுதேன். அப்புறம் ஒருத்தருக்குப் பவர் தப்பா எழுதிட்டேன்."

ஊரார் கண்ணுக்கு வழி சொல்கிற பெண் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே நாற்பத்தொரு வருடமாக நான் வாய் திறக்காத ஒரு விஷயத்தை இப்போது திறக்கிறேன். நீ உட்கார்ந்து படி. சங்கத் தலைவர் நாற்காலியில் உட்காராதே, சாதாரண நாற்காலியில் உட்கார்.

முதலில் உன் புத்தகம். குலமுதல்வர் மேல் இருந்த பக்தியால் அவர் பெயரையே எனக்கு வைத்தார்கள் என்று பதினான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நம் குடும்பத்துக்கு அதற்கு முன் அந்தப் பெயரோடு எந்த உறவும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கூப்பிட நன்றாக இருக்கிறதே என்று என் அம்மா அதையே எனக்கும் வைத்துவிட்டாள். உனக்கு ஆராய்ச்சியில் அத்தனை ஆசை இருந்தால் அந்தப் பக்கத்துக் கட்டில் குழந்தையைத் தேடிப் பார். அவனிடம் வாள் இருக்கலாம். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு பாக்குவெட்டி, அதுவும் இரவல்.

பிறகு, பெயர் இருக்கும் இடம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், தன் பெயர் பின்னால், அதோடு தீர்ந்தது வம்சம். உன் ஐந்தாம் வகுப்பு நோட்டு அட்டையில் நானே பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு இனிஷியல், ஒரு பெயர். வேறொன்றும் இல்லை. அடுத்த வருடம் நீ விமானம் ஏறியபோது உன் பெயருக்குப் பின்னால் என் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வருட இடைவெளியில் நடந்தது என்ன என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவன் ஒரு பக்கம் கூட யோசிக்கவில்லை.

நடந்தது இது. பாஸ்போர்ட் ஆபீஸின் சுற்றுச்சுவருக்கு எதிரே ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் மாடிப்படிக்குக் கீழே, மேலே ஏறுகிறவர்களின் காலடி தலைக்கு மேல் கேட்கிற மாதிரி, முக்கோணமாக ஓர் இடம். உள்ளே போகப் போகக் கூரை தாழும். வெளிப்பக்கம் ஜெராக்ஸ்காரர், ஏனென்றால் அவர் உயரம். உள்பக்கம் நானும் என் டைப்ரைட்டரும். விண்ணப்பிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் படிவத்தைப் பார்த்ததும் வேர்த்துப் போவார்கள். நான் கேள்வி கேட்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள், நான் அடிப்பேன். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'படிவத்தை நிரப்பியவர் பெயர்' என்று இருக்கும். அதில் என் பெயர் வர வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான ஏற்பாடு. ஒரு நாளைக்கு இருபது படிவம். இருபது தடவை என் பெயரை நானே அடிப்பது அலுப்பாக இருந்தது. அதனால் காலையில் வந்ததும், முதல் ஆள் ஸ்டூலில் உட்காருவதற்கு முன்னால், இருபது படிவத்திலும் கடைசிக் கட்டத்தில் என் பெயரை மொத்தமாக அடித்து அடுக்கி வைத்துவிடுவேன். அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஜெராக்ஸ்காரரிடம் பந்தயம் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு படிவம் அடித்து ஜெயித்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை. படிவம் அதே நிறம், அதே அளவு, அதே மையின் நாற்றம். வழக்கம்போல இருபதை வாங்கி, வழக்கம்போல இருபதிலும் கடைசிக் கட்டத்தில் அடித்தேன். மேலிடத்தில் யாரோ ஒருவர், மனிதன் என்றால் அவனுக்குக் குடும்பப் பெயர் இருந்தாக வேண்டும் என்று வாரக் கடைசியில் முடிவு செய்து, படிவத்தை மாற்றி அச்சடித்திருந்தார். நிரப்பியவர் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. கடைசிக் கட்டத்தில் இப்போது 'குடும்பப் பெயர்'. நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட இருபது பேரும் பார்க்கவில்லை. வாங்கி முத்திரை குத்திய கவுன்டர் குமாஸ்தாவும் பார்க்கவில்லை. மறுநாள் காலை ஜெராக்ஸ்காரர்தான், முந்தின நாள் எடுத்து மிஞ்சிய படிவ நகல்களைப் புரட்டிக்கொண்டு கேட்டார்: "ஏங்க, நீங்க என்ன எல்லாருக்கும் அப்பாவா?" அதற்குள் இருபதும் உள்ளே போய்விட்டன; போய்ச் சொன்னால் படிவம் நிரப்ப ஆபீஸ் கொடுத்த லைசென்ஸ் போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இதுதான் உன் குடும்பப் பெயரின் தோற்றம். இனி பரவல். கடல் வாணிபத்துக்காக நம் முன்னோர் மூன்று அலைகளாகப் புறப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். மூன்று அலைகள் என்பது முழு உண்மை. உன் ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். டீக்கு முன்னால் ஏழு பேர், டீக்குப் பிறகு ஒன்பது பேர், சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு பேர். ஒரு நர்ஸ், இரண்டு தையல்காரர்கள், ஒரு கப்பல் சமையல்காரர், ஒரு கிரேன் ஓட்டுநர், லேத் வேலைக்காரர் ஒருவர், ஒருவரை ஒருவர் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும் இரண்டு கணக்கர்கள், மற்றும் பலர். இவர்களுக்குள் இருந்த ஒரே உறவு, அன்றைக்கு ஒரே வரிசையில் நின்றது. ஐந்தாவதாக நின்றவர் உன் அப்பா. ஆறாவதாக நின்றவர் ஒரு வெல்டர். அந்த வெல்டரின் பேரன்தான் உன் மகளின் பல் மருத்துவர்.

உன் அப்பா உண்மையில் பத்தாவதாக வந்தார். தம்பி கடைதானே என்று முன்னால் வந்து நின்றார். வெல்டர் நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண்ணோடு உன் அப்பாவைத் தோளில் தட்டினார்.

"என்ன சார், பின்னாடி போங்க."

"நான் இவரோட அண்ணன்."

"அண்ணனா இருந்தா வீட்ல முன்னாடி நில்லுங்க. இங்க வரிசை."

"உங்க கண்ணு என்ன இப்படி இருக்கு? குடிச்சிட்டு வந்தீங்களா?"

அதற்குப் பிறகு உன் அப்பாவின் சட்டைக் காலர் வெல்டர் கையில் இருந்தது. நம் இரு குடும்பத்துக்கும் ரத்த சம்பந்தம் ஏற்பட இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. ஜெராக்ஸ்காரர் நடுவில் புகுந்து தடுத்துவிட்டார்.

நாற்பது நாள் கழித்துப் பாஸ்போர்ட் வந்தது. உன் அப்பா அதை எடுத்துக்கொண்டு நேராக மாடிப்படிக்குக் கீழே வந்து, குனிய மறந்து, நெற்றியில் இடித்துக்கொண்டு கேட்டார்.

"டேய், உன் பேரு எதுக்குடா என் பாஸ்போர்ட்ல இருக்கு?"

"நான்தானே ஃபாரம் நிரப்பினேன். அதான் போட்டிருப்பாங்க."

"சட்டை தைச்சவன் பேரைக் காலர்ல போடுவான், சரி. போட்டுக்கிட்டுப் போறவன் மேலயாடா போடுவான்?"

இருவரும் கவுன்டருக்குப் போனோம். குமாஸ்தா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாற்றலாம், தடையில்லை, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஆறு மாதம் ஆகும், அதுவரை இந்தப் பாஸ்போர்ட் தன் மேசையில் இருக்கும் என்றார். உன் அப்பா அங்கே வேலையில் சேர வேண்டிய நாளுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. வெளியே வந்து, சுற்றுச்சுவர் நிழலில் நின்று பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"விடு. அங்க என்னை எப்படிக் கூப்பிட்டா என்ன? வேலை பார்க்கப் போறது நான்தானே."

"தப்பு என்மேலண்ணா."

"தெரியும். வெளிய சொன்னா உன் லைசென்ஸைப் பிடுங்கிடுவான். அப்புறம் அம்மாவை யாரு பார்ப்பா? வாயை மூடிட்டு இரு. நானும் மூடிக்கிறேன்."

அந்த வாக்கை அவர் சாகும்வரை காப்பாற்றினார். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது, லைசென்ஸும் காலாவதி ஆகிவிட்டது, அம்மாவும் இல்லை. வாக்கைக் கேட்க ஆளில்லை என்று நான் இப்போது மீறுகிறேன். அவர் இருந்திருந்தால் எனக்கு முன்னால் அவர் மீறியிருப்பார், ஏனென்றால் அழுவது அவர் பேத்தி.

மற்றவர்களும் வராமல் இல்லை. அதில் வெல்டர் வந்ததை மறக்க முடியாது. பாஸ்போர்ட்டை என் மெஷின்மேல் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யாருங்க இது, கடைசில?"

"குடும்பப் பெயர்."

"எங்க குடும்பத்துல இப்படி யாரும் இல்லையே."

"இனிமே இருப்பாங்க."

அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ஆளு நல்ல ஆளா?"

"யாரு?"

"இந்தப் பேரு வச்சிருக்கறவரு."

"பரவாயில்லைங்க."

"அப்ப சரி" என்று எழுந்து போய்விட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்று அது ஒன்றுதான். அதுவும் நானே கொடுத்தது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் தலைகீழாகத் தெரியும். அங்கே தொழிற்சாலையில் பெயர் வரிசைப்படி அலமாரி ஒதுக்கினார்கள். உன் அப்பாவுக்கும் வெல்டருக்கும் அடுத்தடுத்த அலமாரி. இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் மூன்றாம் நாள் பேசினார்கள், ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் வேறு யாரிடமும் தமிழில் முறைக்க முடியாது. வீட்டுக்காரர் குடும்பத்துக்குத்தான் வாடகைக்கு விடுவேன் என்றார். இருவரும் பாஸ்போர்ட்டை நீட்டி, ஒரே குடும்பம் என்றார்கள். அவர் பெயரைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். நீயும் உன் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் ஒரு பெரியப்பா தயாராக இருந்தார். உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் அவர். அவரைப் பெரியப்பா இல்லை என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. நல்ல பெரியப்பா. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் பிறந்த பெரியப்பா.

அதற்குப் பிறகு டெலிபோன் புத்தகத்தில் பார்த்து நர்ஸ் கூப்பிட்டாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநரைக் கண்டுபிடித்தார்கள், தையல்காரர்கள் கடைப் பலகையில் குடும்பப் பெயரைப் போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோவைப் பார்த்து, மூக்கெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதென்று நீ புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருபது விதமான மூக்குகள். அன்றைக்குக் குளிர் அதிகம், எல்லா மூக்கும் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இத்துடன் என் பதிவேட்டின் அந்த நாள் பக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வரிசை எண், தொழில், கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. பதினேழாவது ஆள் கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைத்திருக்கிறார்; அவர் பேரன் உன் சங்கத்தின் கல்விக் குழுத் தலைவர் என்று அறிந்து மகிழ்ந்தேன். ஜெராக்ஸ்காரர் இன்னும் இருக்கிறார். காது கேட்பதில்லை, ஆனால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னால் நிறுத்தமாட்டார். சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நேற்று நீ போனில் பேசிய பேச்சையும் இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நீ மறுக்காமல் இருக்க.

"சித்தப்பா, முந்நூறு பேரு நம்பிக்கிட்டு இருக்காங்க. நான் என்ன பதில் சொல்றது? விதி நாலு நானே எழுதினது. என் பொண்ணே அதை மீறினா என் முகத்தை எங்க வச்சுக்கறது?"

"அந்தப் படத்துல வச்சிருக்கியேப்பா, அங்கயே இருக்கட்டும்."

"விளையாடாதீங்க. நீங்க கையெழுத்துப் போடலைன்னா சங்கத்துலேருந்து உங்க பேரை எடுத்துடுவோம்."

"என் பேரை எடுத்துட்டா உங்க சங்கத்துல அப்புறம் என்ன மிஞ்சும்?"

நீ வைத்துவிட்டாய். உன் சித்தி அடுப்படியிலிருந்து, "சரியாத்தான் கேட்டீங்க" என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் இதைச் சொல்வது இரண்டாவது தடவை. ஆகவே இந்த விஷயத்தில் இனி நான் இறங்கி வருவதாக இல்லை.

நான் மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. நன்றாகக் கேட்டுக்கொள். அந்த இருபது பேரில் ஒருவரைக் கூட என் பெயரைப் பார்த்துவிட்டு எந்த நாடும் திருப்பி அனுப்பவில்லை. எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. நான் எங்கும் போகவில்லை. நான் பார்க்காத நாடுகளில் என் பெயரைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள், பட்டம் கொடுக்கிறார்கள், வேகமாகக் கார் ஓட்டியதற்கு அபராதச் சீட்டு அனுப்புகிறார்கள், பல் பிடுங்குகிறார்கள். என் பெயர் எனக்கு முன்னால் உலகத்தைப் பார்த்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதற்காக நான் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. நான் குலமுதல்வனும் இல்லை, வம்ச மூப்பனும் இல்லை. வரிசையாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பினவன். என்னிடமிருந்து ரத்தம் யாருக்கும் போகவில்லை, மைதான் போனது. அதுவும் கார்பன் மை. எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. என் பெயரை வைத்து உனக்கும் எந்த அதிகாரமும் இல்லை.

அந்தப் பையனைப் பற்றி நான் விசாரித்தேன். நல்லவன், நிதானமானவன், வலிக்காமல் பிடுங்குவான் என்கிறாள் உன் மகள். நீ அவனைக் குறை சொல்வதானால் வேறு ஏதாவது கண்டுபிடித்துச் சொல். கை கோணல் என்று சொல், தூங்கும்போது குறட்டை விடுவான் என்று சொல். மாப்பிள்ளையைக் குறை சொல்வது அப்பனின் உரிமை, அதை நான் தடுக்கவில்லை. அண்ணன் முறை, தங்கை முறை என்று மட்டும் சொல்லாதே. அந்த முறையை அடித்தவன் நான். ஒரு திங்கட்கிழமை காலை, எட்டரை மணிக்கு, கண்ணை மூடிக்கொண்டு.

நீ எழுதி அனுப்பிய என் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பெருக்கல் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன். மற்றபடி தாள் நன்றாக இருக்கிறது, பின்பக்கம் உபயோகிக்கலாம்.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. உனக்கு நல்ல புத்தியும், ரத்த அழுத்தம் குறைவதும் ஒரே சமயத்தில் வாய்க்கட்டும். உன் மகளுக்கு, அவள் விரும்பியவனோடு நீண்ட நாள் வாழ, எங்கள் இருவரின் முழு மனதான ஆசி. அந்த ஆசிக்கு சங்கத்தின் அனுமதி தேவையில்லை.

இப்படிக்கு,
யாருக்கும் குலமுதல்வன் அல்லாத,
உன் சித்தப்பா

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன் உன் மகளுக்குப் போனில் முழுவதும் படித்துக் காட்டினேன். அவள் அதைப் பதிவு செய்து உங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாளாம். சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் சங்கத்தின் செயலாளர் அம்மையார் என்னைக் கூப்பிட்டார். மிகவும் மரியாதையான குரல்.

"ஐயா, கமிட்டி அவசரமாக் கூடிச்சு. நீங்க சொன்ன எல்லாத்தையும் அப்படியே ஏத்துக்கிட்டோம். ஒருத்தர் கூட எதிர்க்கலை."

"ரொம்ப சந்தோஷம்மா. அப்ப கல்யாணம்?"

"அதுதான் முடியாதுங்கய்யா. முன்னாடியாவது கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. இப்ப இருபது குடும்பத்துக்கும் ஒரே ஆள்கிட்டேருந்துதான் பேரு வந்துச்சுன்னு ஆதாரத்தோட நிரூபணம் ஆயிடுச்சு. நாம எல்லாரும் ஒரே மூலம். நீங்கதான் குலமுதல்வர். வாள் வச்சிருந்தவரு படத்தை எடுத்துட்டோம். உங்க போட்டோ ஒண்ணு அனுப்பணும், கொஞ்சம் பெருசா."

ஆகவே மேலே நான் குலமுதல்வன் அல்ல, எனக்கு அதிகாரம் இல்லை என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கமிட்டியின் ஒருமனதான முடிவுக்குத் தலை வணங்கி, நான் பதவியை ஏற்றுக்கொள்கிறேன். போட்டோ இணைத்திருக்கிறேன், பெரியது. குலமுதல்வன் என்ற முறையில் என் முதல் ஆணை: விதி நான்கு ரத்து. இரண்டாவது ஆணை: உன் மகளுக்கும் வெல்டர் பேரனுக்கும் பதினெட்டாம் தேதி, மாநாட்டு மேடையிலேயே, உன் தலைமையில் கல்யாணம். எட்டு நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், மேடையும் போட்டாயிற்று. இந்த ஆணைகளுக்குக் கட்டுப்பட விருப்பமில்லாத உறுப்பினர்கள், அன்றைய தேதிக்குள், என் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.